ஜெனரேட்டரை எங்கே வைப்பது?

2024 டிசம்பர் 14. ஜார்ஜியா நாட்டில் பனிச்சறுக்குக்குப் பேர்போன குடௌரி என்ற மலையூர். அங்கே ஓர் இந்திய உணவகத்தின் மாடியில் 12 பேர் இறந்து கிடந்தார்கள். 11 பேர் இந்தியர்கள், ஒருவர் அந்த நாட்டுக்காரர். எல்லோருமே அந்த உணவகத்தில் வேலை பார்த்தவர்கள். உடம்பில் காயம் இல்லை, அடிதடி நடந்த அடையாளமும் இல்லை. முந்தைய நாள் இரவு கரண்ட் போயிருக்கிறது. படுக்கையறைகளை ஒட்டிய மூடிய இடத்தில் இருந்த ஜெனரேட்டரை ஓட விட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார்கள்.

அடுத்த ஒன்பதாவது நாள், கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் பிணமாக மீட்கப்பட்டார்கள். ஜெனரேட்டரை ஓட்டி ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்தவர்கள். கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் நிபுணர்கள் அதே வண்டியில் ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தார்கள். தளத்தில் இருந்த ஓட்டை வழியாகப் புகை உள்ளே ஏறியது. 2 மணி நேரத்தில் உள்ளே கார்பன் மோனாக்சைடு 957 பிபிஎம் அளவைத் தொட்டது.

பத்து லட்சம் பங்கு காற்றில் 957 பங்கு என்பது கேட்பதற்குச் சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் 800 பிபிஎம் உள்ள அறையில் முக்கால் மணி நேரம் இருந்தாலே தலை சுற்றும், குமட்டும். இரண்டு மணி நேரத்தில் நினைவு தப்பும். அப்படியே கிடந்தால் மூன்று மணி நேரத்துக்குள் உயிர் போகலாம். தூங்குகிறவருக்கு முதல் கட்டத்துத் தலைவலிகூடத் தெரியாது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இது பற்றிக்கொள்கிறது. மூச்சு வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும்போதே மூளையும் இதயமும் ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கத் தொடங்கிவிடும்.

இந்தச் செய்திகள் வரும்போதெல்லாம் "படித்தவர்கள்கூட இப்படிச் செய்வார்களா" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அந்தக் கேள்வியே தவறு. ஜெனரேட்டரை வீட்டுக்குள் இழுத்து வைப்பவருக்கு அதற்கான காரணங்கள் உண்டு. வெளியே மழை கொட்டும். மின்சாரம் தயாரிக்கும் மிஷினை நனையவிடக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஊரே இருட்டில் கிடக்கும் நேரத்தில் பத்தாயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய மிஷினைத் தெருவில் வைத்தால் காலையில் இருக்குமா என்ற பயமும் நியாயமானது. பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் தாங்காமல் கத்துவார். எல்லாவற்றுக்கும் மேல், மிஷினோடு இருக்கும் ஒயர் நாலு முழம்தான் இருக்கும். இத்தனையும் சேர்ந்து அதை மாடிப்படிக்குக் கீழேயோ, கார் நிறுத்தும் இடத்துக்கோ, கடை ஷட்டருக்குள்ளேயோ தள்ளிவிடுகின்றன. விற்கிற கடையில் சோக்கை எப்படி இழுப்பது, கயிற்றை எப்படிச் சுண்டுவது, எந்த ஆயில் ஊற்றுவது என்பதையெல்லாம் பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள். "உங்கள் வீட்டில் இதை எங்கே வைக்கப் போகிறீர்கள்?" என்று முதல் கேள்வியாகக் கேட்கும் கடை அபூர்வம். உயிரைக் காப்பது அந்த ஒரு கேள்விதான்.

தமிழ்நாட்டுக்கு ஜெனரேட்டர் புதிது இல்லை. 2012 வாக்கில் சென்னைக்கு நாளுக்கு 2 மணி நேரமும் மற்ற மாவட்டங்களுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்வெட்டு இருந்த நாட்களில், கடைத்தெரு முழுக்க நடைபாதையில் வரிசையாக நின்று உறுமியது இந்த மிஷின்தான். ஜெராக்ஸ் கடை, செல்போன் கடை, ஜூஸ் கடை, சின்ன ஜவுளிக் கடை என்று எல்லா இடத்திலும் ஒன்று இருந்தது. பெட்ரோலில் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வகையும் நிறையப் புழங்கியது. தினமும் ஓட்டியதால் கடைப் பையன்களுக்கு அதன் குணம் அத்துப்படி. பிறகு இன்வெர்ட்டரும் பேட்டரியும் வந்தன, மின்வெட்டும் குறைந்தது. இப்போது பல வீடுகளில் ஜெனரேட்டர் என்பது பரணிலோ ஷெட்டிலோ தூசி படிந்து கிடந்து, புயல் வந்தால் மட்டும் இறங்குகிற பொருள். ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் இருட்டிலும் மழையிலும் பதற்றத்திலும், பழக்கம் விட்டுப்போன கை அதைத் தொடுகிறது. ஆபத்து அந்த இரவுகளில்தான் கூடுகிறது.

கஜா புயலை நினைத்துப் பார்க்கலாம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே அது கரை கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டாவின் பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஊர்க்காரர்கள் காசு போட்டு ஜெனரேட்டர் எடுத்தார்கள். வாடகை தாறுமாறாக ஏறியது. செல்போன் சார்ஜ் போட்டுக் கொடுப்பதே ஒரு தொழிலாக நடந்தது. அந்த வாரங்களில் ஜெனரேட்டர் இல்லாவிட்டால் குடிதண்ணீரே இல்லை என்ற நிலை. ஆகவே இந்த மிஷினே கூடாது என்று பேசுவதில் அர்த்தமில்லை. அது தேவைப்படும், மறுபடியும் தேவைப்படும். அதனால்தான் அதைப் பற்றி முன்கூட்டியே, வெயில் காலத்திலேயே பேச வேண்டியிருக்கிறது.

புயலைவிட ஜெனரேட்டர் அதிகம் பேரைக் கொல்ல முடியும் என்பதற்கு அமெரிக்காவின் லூசியானா மாநிலம் சாட்சி. 2020 ஆகஸ்டில் லாரா புயல் அங்கே அடித்தது. காற்று அடங்கிய பிறகு முதல் சில நாட்களில் எண்ணப்பட்ட சாவுகளில் பாதிக்கும் மேல் ஜெனரேட்டர் புகையால் நேர்ந்தவை. மரம் விழுந்தும் கூரை சரிந்தும் செத்தவர்கள் அதைவிடக் குறைவு. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் கடுங்குளிரோடு மின்வெட்டும் வந்தபோது, ஜெனரேட்டர், கரி அடுப்பு, கராஜுக்குள் ஓடவிட்ட கார் என்று பல வழிகளில் இதே வாயு தாக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்கு ஓடினார்கள். அமெரிக்கா முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 100 பேர் கையில் தூக்கும் ஜெனரேட்டர்களின் புகையால் சாகிறார்கள் என்கிறது அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம். எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டாத மிஷின் அங்கே கிடையாது. அப்படியும் இத்தனை சாவு.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. "சின்ன மிஷின்தானே, பெரிசா என்ன புகை வந்துடப் போகுது" என்ற நினைப்புதான் இருப்பதிலேயே ஆபத்தானது. ஒரு கையடக்க பெட்ரோல் ஜெனரேட்டர் நூற்றுக்கணக்கான கார்கள் சேர்ந்து விடும் அளவு கார்பன் மோனாக்சைடை விடக்கூடியது. காரில் பெட்ரோலும் காற்றும் கலக்கும் விகிதத்தைக் கணினி நொடிக்கு நொடி சரிசெய்கிறது. மிச்சப் புகையை சைலன்சருக்கு முன்னால் இருக்கும் வினையூக்கி மாற்றி சுத்தம் செய்கிறது. சாதாரண ஜெனரேட்டரில் இரண்டும் கிடையாது. பழைய பாணி கார்புரேட்டர், எளிதாகக் கிளம்ப வேண்டும் என்பதற்காகப் பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாகவே விடும். காற்று போதாமல் அரைகுறையாக எரியும் பெட்ரோல் கார்பன் மோனாக்சைடாக வெளியேறும். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் நிற்கும் பெரிய டீசல் ஜெனரேட்டரில் காற்று உபரியாகவே போவதால் இந்த வாயு அதில் குறைவு. கரும்புகை விடும் டீசலைக் கண்டு ஒதுங்குகிறவர், புகையே கண்ணுக்குத் தெரியாத புது பெட்ரோல் மிஷினைக் கூடத்துக்குள் வைத்துக்கொள்கிறார்.

எத்தனை தூரம் தள்ளி வைத்தால் போதும்? குறைந்தது 20 அடி என்பது அமெரிக்க ஆணையத்தின் அறிவுரை. 15 அடியில் வைத்தாலும் ஜன்னல் திறந்திருந்தால் ஆபத்தான அளவு வாயு வீட்டுக்குள் வரலாம் என்று அந்நாட்டு தர, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் கணினி மாதிரிகளை வைத்துக் காட்டியிருக்கிறது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, சைலன்சரின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் கவனித்தாக வேண்டும். கதவு, ஜன்னல், வென்டிலேட்டர் எதையும் அது நோக்கி நிற்கக் கூடாது. ஷட்டரைப் பாதி தூக்கி வைப்பது, ஜன்னலைத் திறந்து வைப்பது, ஃபேனைப் போட்டு விடுவது எதுவும் காப்பாற்றாது. மழைக்கு நாலு கால் நட்டுத் தகரமோ தார்ப்பாயோ மேலே மட்டும் போடலாம். நாலு பக்கமும் மூடினால் அது அறையாகிவிடும். மிஷினுக்கும் மூச்சு முட்டும், சூட்டில் தார்ப்பாயும் பற்றிக்கொள்ளும்.

சென்னையிலோ மதுரையிலோ சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் 20 அடி வெட்டவெளிக்கு எங்கே போவது? இங்கேதான் ஒளிக்காமல் பேச வேண்டும். அப்படி இடம் இல்லாத வீட்டுக்குப் பெட்ரோல் ஜெனரேட்டர் ஏற்ற பொருளே இல்லை. அடுக்குமாடியின் பால்கனியில் அதை ஓட்டினால் மேல்வீட்டுக் குழந்தைதான் அந்தப் புகையைச் சுவாசிக்கும். அவர்களுக்கு இன்வெர்ட்டரும் கூடுதல் பேட்டரியும்தான் வழி. விலை கூட, ஓடும் நேரமும் குறைவு என்றாலும் விளக்கு, ஃபேன், செல்போனுக்கு அது போதும். கடைக்காரர் இதைச் சொல்லி ஒரு வியாபாரத்தை விட வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசையாகத் தோன்றலாம். ஆனாலும் அதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

இடம் இருப்பவர்களுக்கு ஓட்டும் முறை கடினமானது இல்லை. சமமான தரையில் வைத்து, ஆயில் குச்சியை இழுத்து அளவு பார்க்க வேண்டும். அரை லிட்டர் சொச்சம் ஆயிலில் ஓடும் இன்ஜின் அது, கொஞ்சம் குறைந்தாலும் தாங்காது. பல மிஷின்கள் ஆயில் குறைந்தால் கிளம்பவே கிளம்பாது. "ரிப்பேர் ஆயிடுச்சு" என்று மெக்கானிக்கைத் தேடுவதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்வது நல்லது. பெட்ரோல் குழாயைத் திறந்து, சோக்கை மூடி, கயிற்றை மெல்ல இழுத்து, பிடிமானம் தட்டுப்படும் இடத்திலிருந்து வேகமாகச் சுண்ட வேண்டும். கிளம்பியதும் சோக்கைச் சிறிது சிறிதாகத் திறந்து, இரண்டு மூன்று நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, அதன் பிறகே லைட்டையும் ஃபேனையும் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். தண்ணீர் மோட்டாரும் ஃபிரிட்ஜும் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிட மூன்று மடங்கோ அதற்கு மேலோ இழுக்கும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் என்றால் 746 வாட் என்று கணக்குப் போட்டு ஒரு கே.வி.ஏ. மிஷினில் மாட்டுகிறவருக்கு மிஷின் திணறி நின்றுபோவதுதான் மிச்சம்.

பெட்ரோல் ஊற்றுவதற்கு மிஷினை நிறுத்தி, சூடு ஆற கால் மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து போய்ச் சூடான சைலன்சரைத் தொட்டால் பற்றிக்கொள்ளும். ஒரு கையில் டார்ச்சும் இன்னொரு கையில் கேனுமாக, ஓடிக்கொண்டிருக்கும் மிஷினில் பெட்ரோல் ஊற்றும் பழக்கம் விட்டொழிக்க வேண்டியது. பெட்ரோலை டேங்கிலேயே மாதக்கணக்கில் விட்டு வைப்பதும் கூடாது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், நின்றுபோன பெட்ரோல் பிசுபிசுத்து கார்புரேட்டரை அடைக்கும். புயல் இரவில் நூறு முறை கயிறு இழுத்தும் கிளம்பாத மிஷின்களில் பெரும்பாலானவற்றின் நோய் இதுதான்.

இன்னொரு குற்றமும் இந்த மிஷினைச் சுற்றி நடக்கிறது. அதைக் குற்றம் என்றே சொல்ல வேண்டும். இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயர் ஒன்றைத் தயாரித்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறு முனையைச் சுவரில் உள்ள பிளக் பாயின்ட்டிலும் செருகி, வீடு முழுவதற்கும் கரண்ட் கொடுப்பது. மெயினை அணைக்க மறந்தால் அந்த மின்சாரம் மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்குப் போகும். வீட்டுக்கு வரும்போது 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர், எதிர்த்திசையில் அதை உயர்த்தியும் கொடுக்கும். தெரு முழுக்க இணைப்பில் இருந்தால் சுமை தாங்காமல் சின்ன ஜெனரேட்டர் அணைந்துவிடும். புயலில் கம்பி அறுந்து தனித்துண்டாக நிற்கும் லைனில் அந்தச் சுமை இருக்காது, மின்சாரம் அங்கே காத்துக்கொண்டிருக்கும். லைன் ஆஃப் செய்தாயிற்று என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் வயர்மேனின் உயிர் அந்த வீட்டுக்காரர் கையில். வீட்டுக்குக் கரண்ட் கொடுக்க வேண்டும் என்றால் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட வேண்டும். ஒரே நேரத்தில் இ.பி. லைனும் ஜெனரேட்டரும் சேர முடியாதபடி அது தடுக்கும். அந்தச் செலவு முடியாதவர்கள் நல்ல எக்ஸ்டென்ஷன் கேபிளில் நேரடியாக விளக்கையும் ஃபேனையும் மாட்டிக்கொள்ளலாம்.

மருத்துவப் பக்கமும் ஒரு பொறி இருக்கிறது. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. புகை தாக்கியவருக்குத் தலை சுற்றினால் அதை விரலில் மாட்டிப் பார்க்கத் தோன்றும். அது 98 என்று காட்டும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஏறியதையும் அந்தச் சாதாரணக் கருவியால் பிரித்தறிய முடியாது. எண் நன்றாக இருக்கிறது என்று திரும்பப் படுக்க வைத்தால் எல்லாம் முடிந்தது. ஜெனரேட்டர் ஓடும் வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவருக்குத் தலைவலியோ வாந்தியோ வந்தால், காரணம் யோசித்துக்கொண்டு நிற்காமல் எல்லோரையும் வெளியே கொண்டுவந்து 108க்கு அழைத்து, "ஜெனரேட்டர் புகை" என்று சொல்லிவிட வேண்டும். வெறும் காற்றில் இந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அது நடக்கும்.

இத்தனை அறிவுரையும் ஓரளவுக்குத்தான் உதவும். மழை இரவில் மனிதர் தவறு செய்வார் என்பதை ஏற்றுக்கொண்டு, மிஷினையே திருத்துவதுதான் பெரிய வேலை. அது நடக்காத காரியம் இல்லை. அமெரிக்காவில் 2018 முதல், சுற்றியுள்ள காற்றில் கார்பன் மோனாக்சைடு ஏறினால் தானாகவே அணைந்துவிடும் சென்சார் வைத்த ஜெனரேட்டர்களுக்கான தர வரையறைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, காற்றில் 800 பிபிஎம் தொட்ட உடனே இன்ஜினை நிறுத்தச் சொல்கிறது. இன்னொன்று அதைவிடக் கடுமையானது, புகையில் வரும் வாயுவையே குறைக்கச் சொல்வது. முதல் வகையைப் பின்பற்றினால் சாவுகளில் சுமார் 87 சதவீதத்தையும் இரண்டாவதைப் பின்பற்றினால் ஏறக்குறைய அனைத்தையும் தவிர்க்கலாம் என்று 2022ல் அந்நாட்டு ஆணையத்தின் வல்லுநர்கள் மதிப்பிட்டார்கள். அங்கும் அது கட்டாயச் சட்டமாகவில்லை. 2023ல் ஆணையம் முன்வைத்த கட்டாய விதிக்கு உற்பத்தியாளர்கள் முட்டுக்கட்டை போட்டார்கள்.

இந்தியா அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இங்கே விற்கும் ஜெனரேட்டர் எவ்வளவு சத்தம் போடலாம், எவ்வளவு புகை விடலாம் என்பதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விதிகள் ஏற்கெனவே உண்டு. சோதித்துச் சான்று வாங்காமல் விற்க முடியாது. அந்தச் சான்றுக்குள் இன்ஜினைத் தானாக அணைக்கும் சென்சாரையும் ஒரு நிபந்தனையாகச் சேர்ப்பது புதிய அலுவலகம் திறக்கும் வேலை இல்லை. விலை கொஞ்சம் ஏறும், உண்மைதான். பெரிய இருசக்கர வாகனங்களுக்கு ஏபிஎஸ் பிரேக் கட்டாயமானபோதும் இதே முணுமுணுப்பு வந்தது, பிறகு அடங்கியது. சென்சாரைப் பிடுங்கிப் போடுகிற மெக்கானிக்குகள் வருவார்கள் என்பதும் உண்மை. அப்படியும் பத்தில் ஏழெட்டு மிஷினில் அது வேலை செய்தால் ஏழெட்டுக் குடும்பம் மிஞ்சும்.

மாநில அரசு செய்யக்கூடியது இதைவிடச் சுலபம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் ஆயத்தக் கூட்டம் நடக்கிறது. மணல் மூட்டை, படகு, மரம் அறுக்கும் மிஷின், பாம்புக்கடி மருந்து வரை கணக்கெடுக்கிறார்கள். அந்தப் பட்டியலில் வார்டுக்கு ஒரு பள்ளிக்கூடத்திலாவது பொது சார்ஜிங் பாயின்ட் சேர வேண்டும். தெருவுக்குப் பத்து வீடு செல்போனுக்காக ஜெனரேட்டர் தேடும் தேவை அதனால் குறையும். அதே கூட்டத்துக்கு வாடகை ஜெனரேட்டர் கடைக்காரர்களையும் சவுண்ட் சர்வீஸ்காரர்களையும் கூப்பிட வேண்டும். புயல் நேரத்தில் கிராமங்களுக்குப் போகும் மிஷின்கள் பெரும்பாலும் அவர்களுடையவைதான். ஒவ்வொரு மிஷினோடும் மழை தாங்கும் தடித்த கேபிள் 15 மீட்டர் கொடுத்தால்தான் வாடகைக்கு விடலாம் என்று ஒரு நிபந்தனை போட்டால் போதும். ஒயர் நீண்டால் மிஷின் தானாகவே வாசலைத் தாண்டிப் போகும். ஊராட்சி வாங்கும் ஜெனரேட்டர்களுக்கான டெண்டரிலும் அந்தக் கேபிளையும் சென்சாரையும் இந்த ஆண்டே எழுதிவிடலாம். அதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.